தயிர்ப் புளிப்பும் எரிசாராயமும் சேர்ந்தால் ஒரு கரைப்பான்
மக்காச்சோளம், கரும்பு, கிழங்கு ஆகியவற்றுக்கு ரசாயன ஆலையில் ஒரு வேலை

பயிர் மருந்துப் புட்டிகளின் மேல் ஒட்டிய சீட்டில் ‘20 ஈ.சி.’, ‘25 ஈ.சி.’ என்று அச்சிட்டிருப்பதை விவசாயிகள் பார்த்திருப்பார்கள். 20 ஈ.சி. என்றால், அதில் நூற்றுக்கு 20 பங்குதான் பூச்சியைக் கொல்லும் மருந்து. மீதி 80 பங்கு என்ன? அதில் ஒரு சிறு பகுதி, தண்ணீரில் ஊற்றியதும் பால்போல் வெளுத்துக் கலக்கச் செய்யும் பொருள். பெரும் பகுதி கரைப்பான். மருந்தைக் கரைத்து வைத்திருப்பதே அதன் வேலை. ஈ.சி. வகை மருந்துகளில் பெரும்பாலும் சைலீன் போன்ற, பெட்ரோலியத்திலிருந்து பிரித்த திரவங்களே கரைப்பானாகச் சேர்க்கப்படுகின்றன. புட்டியைத் திறந்ததும் மூக்கில் ஏறுகிற நெடி மருந்தின் நெடி மட்டுமல்ல. இந்தக் கரைப்பானின் நெடியும் அதில் சேர்ந்தே வருகிறது.

இப்படிப்பட்ட கரைப்பானைப் பெட்ரோலியத்திலிருந்து எடுக்காமல், வயலில் விளைந்த தானியத்திலிருந்தும் கரும்பிலிருந்தும் எடுக்க முடியுமா? முடியும். எடுத்தும் வருகிறார்கள். அதன் பெயர் எதில் லாக்டேட். அது எப்படித் தயாராகிறது, எதற்குப் பயன்படுகிறது, மூலப்பொருளை விளைவிக்கும் விவசாயிக்கு அதனால் என்ன கிடைக்கும் என்பதைப் பார்ப்போம்.

கரைப்பான் இல்லாத தொழில் இல்லை

பெயின்டில் கலக்கும் தின்னர், அச்சகத்தில் மை துடைக்கும் திரவம், பட்டறையில் கிரீஸ் போக்கும் மண்ணெண்ணெய், மாத்திரை செய்யும் ஆலைகளில் மருந்துச் சரக்கைப் பிரித்தெடுக்கும் திரவம் ஆகிய எல்லாமே கரைப்பான்கள்தாம். வேலை முடிந்ததும் இவற்றில் பெரும்பாலானவை ஆவியாகிக் காற்றில் கலந்து விடுகின்றன. கொஞ்சம் சாக்கடையிலும் மண்ணிலும் இறங்குகின்றன.

தீமை இதில்தான் வருகிறது. தின்னர் ஆவியை நாள்தோறும் சுவாசிப்பவர்களுக்குத் தலைவலி, மயக்கம், நரம்புத் தளர்ச்சி ஏற்படுகின்றன. பென்சீன் ரத்தப் புற்றுநோயைத் தரக்கூடியது. இரும்புச் சாமான்களின் எண்ணெய்ப் பிசுக்கைப் போக்க நெடுங்காலம் பயன்பட்டு வந்த ட்ரைகுளோரோஎதிலீனும் புற்றுநோய் தரக்கூடியதே. அமெரிக்காவில் பல ஊர்களில் அது நிலத்தடி நீரில் இறங்கி, கிணறுகளைக் கெடுத்திருக்கிறது. எளிதில் சிதையாத சரக்கு ஒருமுறை தண்ணீரில் இறங்கி விட்டால் அதை வெளியே எடுப்பது பெரும் பாடு.

ஆகவேதான் வேலையும் செய்ய வேண்டும், வேலை முடிந்த பின் மண்ணிலும் நீரிலும் தானே சிதைந்தும் போக வேண்டும் என்ற கரைப்பான்களைத் தேடத் தொடங்கினார்கள்.

எதில் லாக்டேட் என்றால் என்ன?

இதன் இரண்டு சரக்கும் நமக்குப் பழக்கமானவை. ஒன்று லாக்டிக் அமிலம். தயிர் புளிப்பது இந்த அமிலத்தால்தான். 1780-ல் ஸ்வீடன் நாட்டு ரசாயன நிபுணர் ஷீல, புளித்த பாலிலிருந்து இதை முதன்முதலில் பிரித்துக் காட்டினார். மற்றொன்று எதில் ஆல்கஹால், அதாவது எரிசாராயம். கரும்பாலை மொலாசஸிலிருந்து நம் நாட்டில் வடித்தெடுக்கும் அதே பொருள்.

இவ்விரண்டும் ரசாயன முறையில் இணைந்தால் எதில் லாக்டேட் உண்டாகிறது. இது நிறமற்ற திரவம். இலேசான பழ வாசனையும் வெண்ணெய் வாசனையும் உடையது. சுமார் 154 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில்தான் கொதிக்கிறது என்பதால் பெட்ரோலைப்போல் உடனே பறந்து போவதில்லை. தண்ணீரிலும் கலக்கும், பல எண்ணெய்களிலும் பிசின்களிலும் கலக்கும். மண்ணிலோ நீரிலோ விழுந்தால் மறுபடியும் லாக்டிக் அமிலமாகவும் ஆல்கஹாலாகவும் பிரிந்து, நுண்ணுயிர்களுக்கு உணவாகி விடுகிறது. திராட்சை ஒயினில் இது சிறிதளவு இயற்கையாகவே உண்டு. அமெரிக்காவில் உணவுப் பண்டங்களுக்கு வாசனைப் பொருளாகச் சேர்க்கவும் இதற்கு அனுமதி உண்டு.

எரிசாராயத்தைத் தயிரில் கொட்டினால் கரைப்பான் வந்து விடுமோ என்று யாரும் எண்ண வேண்டாம். சுத்தமான, கெட்டியான லாக்டிக் அமிலம் வேண்டும். வினையை முடுக்கும் சரக்கு வேண்டும். சூடாக்கி வடிக்கும் கலங்கள் வேண்டும். இது ஆலையில் நடக்கிற வேலை.

மக்காச்சோளத்திலிருந்து கரைப்பான் வரை

அமெரிக்காவில் இதற்கு மூலப்பொருள் மக்காச்சோளம். இல்லினாய், அயோவா, நெப்ராஸ்கா, மின்னசோட்டா மாநிலங்களில் அது கண்ணுக்கெட்டிய தூரம் விளைகிறது. அங்குள்ள பெரிய ஸ்டார்ச் ஆலைகளில் வேலை நடக்கும் முறை இது:

மக்காச்சோளத்தைச் சிறிதளவு கந்தக வாயு கலந்த வெதுவெதுப்பான நீரில் ஒன்றரை நாள் அளவுக்கு ஊற வைக்கிறார்கள். பின்னர் உடைத்து, முளைக்கருவைத் தனியே பிரித்து எண்ணெய் எடுக்கிறார்கள். தோலும் புரதமும் மாட்டுத் தீவனமாகவும் கோழித் தீவனமாகவும் போகின்றன. மிஞ்சும் ஸ்டார்ச்சை என்சைம்களைக் கொண்டு குளுக்கோஸ் சர்க்கரையாக மாற்றுகிறார்கள்.

இந்தச் சர்க்கரையில் ஒரு பாதி ஈஸ்ட் போட்ட தொட்டிக்குப் போய் எரிசாராயமாகிறது. மறுபாதி, தயிரைப் புளிக்க வைக்கும் நுண்ணுயிர்களின் இனத்தைச் சேர்ந்தவை இருக்கும் தொட்டிக்குப் போய் லாக்டிக் அமிலமாகிறது.

ஈஸ்ட் வேலை செய்யும்போது சர்க்கரையில் ஏறக்குறைய பாதி எடை கரியமில வாயுவாகப் பறந்து விடும். லாக்டிக் அமிலம் உண்டாகும்போது அப்படி வீணாவதில்லை. கணக்குப்படி ஒரு கிலோ சர்க்கரை ஒரு கிலோ அமிலமாகிறது. 90 கிலோ லாக்டிக் அமிலமும் 46 கிலோ எரிசாராயமும் சேர்ந்தால் 118 கிலோ எதில் லாக்டேட்டும் 18 கிலோ தண்ணீரும் கிடைக்கும். 100 கிலோ மக்காச்சோளத்தில் சுமார் 60 கிலோ ஸ்டார்ச் இருக்கிறது. அதைக் கொண்டு பார்த்தால், ஒரு குவிண்டாலிலிருந்து கணக்குப்படி 44 கிலோ வரை எதில் லாக்டேட் வர வேண்டும். ஆலையில் ஏற்படும் இழப்பு போக உண்மையில் கிடைப்பது அதைவிடக் குறைவு. எண்ணெயும் தீவனமும் இதற்கு மேல் கிடைப்பவை.

இரண்டு முட்டுக்கட்டைகள்

சரக்கு இவ்வளவு நல்லதாயிருந்தும் நெடுங்காலம் இது பரவாமல் போனதற்குக் காரணம் விலை. விலை ஏறியதற்கு இரண்டு காரணங்கள்.

முதலாவது, ஜிப்சம். தொட்டியில் புளிப்பு ஏற ஏற, புளிப்பை உண்டாக்கும் நுண்ணுயிர்களே வேலை செய்ய முடியாமல் நின்று விடுகின்றன. ஆகவே சுண்ணாம்பு சேர்த்துப் புளிப்பை அடக்கிக் கொண்டே போகிறார்கள். கடைசியில் அமிலத்தைத் திரும்பப் பிரிக்கக் கந்தக அமிலம் ஊற்ற வேண்டியிருக்கிறது. அப்போது ஜிப்சம் கழிவாக விழுகிறது. நிலக்கடலைக்கு ஜிப்சம் இடும் நமக்கு அதுவும் ஒரு கழிவா என்று தோன்றலாம். ஆனால் ஒரு டன் லாக்டிக் அமிலத்துக்கு ஏறக்குறைய ஒரு டன் ஜிப்சம் விழுந்தால் ஆலை அதை எங்கே கொண்டு போய்ப் போடும்?

இரண்டாவது, தண்ணீர். அமிலமும் ஆல்கஹாலும் இணையும்போது தண்ணீரும் உண்டாகிறது என்று மேலே பார்த்தோம். அந்தத் தண்ணீர் கலத்திலேயே தங்கினால், இணைந்தது மறுபடியும் பிரிந்து விடும். தண்ணீரை வெளியேற்றக் காய்ச்சி வடித்துக் கொண்டே இருக்க வேண்டும். எரிபொருள் செலவு அதில் போய்விடும்.

சவ்வு ஒன்று வழி காட்டியது

சிகாகோ நகருக்கு அருகில் உள்ள ஆர்கான் தேசிய ஆராய்ச்சி நிலையத்தில் ரதின் தத்தா, ஷி-பெர்ங் சாய் ஆகியோர் அடங்கிய குழுவினர் இவ்விரண்டுக்கும் ஒரே வழியில் விடை கண்டனர். சுண்ணாம்புக்குப் பதிலாக அம்மோனியாவைக் கொண்டு புளிப்பை அடக்கினர். பின்னர் அந்தச் சரக்கை எரிசாராயத்துடன் சூடாக்கி, ஒருவகைச் சவ்வின் மீது ஓட விட்டனர். தண்ணீரும் அம்மோனியாவும் அந்தச் சவ்வைக் கடந்து வெளியேறி விடும். அமிலமும் ஆல்கஹாலும் எதில் லாக்டேட்டும் உள்ளேயே நிற்கும். வெளியேறும் அம்மோனியாவைத் திரும்பத் தொட்டிக்கே அனுப்பலாம். ஜிப்சமும் இல்லை, ஓயாமல் வடிக்கும் வேலையும் இல்லை.

பழைய முறையில் செலவாகும் எரிசக்தியில் 90 சதவீதம் இதனால் மிச்சமாகும் என்று கணக்கிடப்பட்டது. ஒரு பவுண்டு (சுமார் 450 கிராம்) 1.60 முதல் 2 டாலர் வரை விற்ற சரக்கை 1 டாலருக்கும் குறைவாகக் கொடுக்கலாம் என்றும் எதிர்பார்த்தார்கள். 1998-ல் அமெரிக்க ஜனாதிபதியின் பசுமை ரசாயனப் பரிசு இந்த முறைக்கு வழங்கப்பட்டது.

எங்கெல்லாம் பயன்படுகிறது?

கம்ப்யூட்டர், வானொலிக் கருவி முதலியவற்றின் உள்ளே இருக்கும் சிலிக்கான் சில்லுகளைச் செய்யும் ஆலைகளில் எதில் லாக்டேட்டுக்கு முக்கிய இடம் உண்டு. சில்லின் மேல் ஒளி பட்டால் மாறும் ஒரு பூச்சைத் தடவுவார்கள். அந்தப் பூச்சைக் கரைக்க முன்பு கிளைகால் ஈதர் வகைக் கரைப்பான்கள் பயன்பட்டன. 1980-களின் பிற்பகுதியிலும் 1992-லும் அமெரிக்காவில் வெளியான ஆய்வுகள், அத்தகைய ஆலைகளில் வேலை செய்த பெண்களுக்குக் கருச்சிதைவு அதிகமாக இருந்ததைக் காட்டின. அதன் பின் அந்தத் தொழில் வேறு கரைப்பான்களுக்கு மாறியது. அவ்வாறு இடம் பிடித்தவற்றில் எதில் லாக்டேட்டும் ஒன்று. தொழிலாளியின் உடல்நலம் எந்தக் கரைப்பான் என்பதைப் பொறுத்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இது தவிர, பெயின்டை உரித்தெடுக்கவும், அச்சு மையைத் துடைக்கவும், உலோகச் சாமான்களின் பிசுக்கைப் போக்கவும், மரச்சாமான் பூச்சுகளில் கலக்கவும் இது உதவுகிறது.

விவசாயிகளுக்கு நேரடியாகப் பொருந்தும் பயன் பயிர் மருந்துகளில் உள்ளது. பயிர் மருந்துடன் சேர்க்கும் துணைப் பொருளாக எதில் லாக்டேட்டை அனுமதித்து, விளைபொருளில் அதற்கு மிச்ச அளவு வரம்பு வைக்கத் தேவையில்லை என்று 2002-ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் விலக்கு அளித்தது. தண்ணீரில் கலந்து விடும் குணம் இதற்கு உள்ளதால், தனியாக அல்லாமல் மற்ற கரைப்பான்களுடன் அளவு பார்த்துச் சேர்க்க வேண்டியிருக்கிறது.

எச்சரிக்கையும் தேவை

‘இயற்கைச் சரக்கு’ என்றதும் தீங்கே இல்லை என்று நினைத்து விடக் கூடாது. எதில் லாக்டேட் கண்ணில் பட்டால் கடுமையான பாதிப்பு ஏற்படும். ஆவியை அதிகமாகச் சுவாசித்தால் மூக்கும் தொண்டையும் எரியும். மண்ணெண்ணெயைப் போலவே தீப்பற்றக் கூடியது; 50 டிகிரிக்கு உட்பட்ட சூட்டிலேயே இதன் ஆவி பற்றிக் கொள்ளும். சிலவகை ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் ஊதச் செய்யும் அல்லது கரைத்து விடும்.

இன்னொன்று. கரைப்பான் சாதுவானது என்பதால் அதில் கரைந்துள்ள பூச்சி மருந்தின் விஷம் குறைந்து விடாது. எந்த மருந்தானாலும் கையுறை, முகமூடி, காற்று வீசும் திசை பார்த்துத் தெளித்தல் ஆகிய முறைகளைக் கைவிடக் கூடாது. மருந்து நன்றாகப் பிடிக்கட்டும் என்று தெளிப்பானில் மண்ணெண்ணெயோ தின்னரோ தாமாகச் சேர்ப்பதும் தவறு. அது பயிரையும் கருக்கும், தெளிப்பவரையும் தாக்கும்.

பெட்ரோலியக் கரைப்பானைக் குறைக்க விவசாயிக்கு இப்போதே ஒரு வழி உண்டு. சில மருந்துகள் ஈ.சி.யாக மட்டுமின்றி, நீரில் மிதக்கும் கூழான எஸ்.சி. வகையிலோ, நீரில் பிரிந்து பரவும் குருணையான டபிள்யூ.ஜி. வகையிலோ கிடைக்கின்றன. இவற்றில் சைலீன் போன்ற கரைப்பான் தேவைப்படுவதில்லை. உங்கள் பயிருக்கும் பூச்சிக்கும் ஏற்ற மருந்து அவ்வாறு கிடைக்கிறதா என்று வேளாண்மை அலுவலரைக் கேட்டுப் பாருங்கள்.

விளைவிப்பவருக்கு என்ன கிடைக்கும்?

1998-ல் பரிசு பெற்றபோது, வழக்கமான கரைப்பான்கள் செய்யும் வேலைகளில் பெரும்பாலானவற்றை இந்தப் புதிய சரக்கே செய்து விடும் என்று எதிர்பார்க்கப்பட்டது. அப்படி நடக்கவில்லை. இன்றும் உலகில் புழங்கும் கரைப்பான்களில் பெரும்பகுதி பெட்ரோலியத்திலிருந்தே வருகிறது. பெட்ரோலிய ஆலைகள் பெரியவை, பழையவை. முதலீடு எப்போதோ திரும்பி விட்டவை. கச்சா எண்ணெய் விலை இறங்கும் போதெல்லாம் பயிர்க் கரைப்பானுக்குப் போட்டி கடினமாகிறது.

ஆனால் லாக்டிக் அமிலம் வளர்ந்து விட்டது. நெப்ராஸ்காவில் பிளேர் என்ற ஊரில், மக்காச்சோளத்திலிருந்து லாக்டிக் அமிலம் செய்து, அதைப் பிளாஸ்டிக்காக மாற்றும் பெரிய ஆலை 2002-ல் வேலையைத் தொடங்கியது. தாய்லாந்தில் ரயோங் மாகாணத்தில், கரும்புச் சர்க்கரையிலிருந்து ஆண்டுக்கு 1 லட்சம் டன் லாக்டிக் அமிலம் செய்யக் கூடிய ஆலையை 2007-ல் பூராக் என்ற டச்சுக் கம்பெனி திறந்தது. அமிலம் மலிந்தால் கரைப்பானும் மலியும்.

இதில் விவசாயியின் பங்கு எது என்பதே முக்கியமான கேள்வி. ஆலைக்கு வேண்டியது மலிவான சர்க்கரை. அது மக்காச்சோளத்திலிருந்து வந்தாலும், கரும்பிலிருந்து வந்தாலும், கிழங்கிலிருந்து வந்தாலும் அதற்கு ஒன்றுதான். சரக்கின் மதிப்பு கூடுவதெல்லாம் புளிக்க வைப்பதிலும் பிரித்தெடுப்பதிலும்தான். ஆகவே மூட்டையை வாசலில் இறக்கி விட்டுத் திரும்புகிறவருக்கு அன்றைய மார்க்கெட் விலை மட்டுமே கிடைக்கும்.

இதை உணர்ந்து மின்னசோட்டா மாநிலத்து மக்காச்சோள விவசாயிகள் 1980-களின் தொடக்கத்தில் ஒன்று கூடினர். மார்ஷல் என்ற ஊரில் கூட்டுறவு முறையில் சொந்தமாக ஓர் ஆலை அமைத்தனர். பங்கு வாங்கிய ஒவ்வொருவரும் அதற்கேற்ற அளவு தானியத்தை ஆலைக்குக் கொடுக்க வேண்டும். லாபத்தில் அவருக்குப் பங்கு உண்டு. ஸ்டார்ச், சர்க்கரைப் பாகு, எரிசாராயம் ஆகியவற்றை அந்த ஆலை செய்தது. பின்னர் அவசரமாகப் பெருக்கியதில் கடன் ஏறியது. 2002-ல் ஆர்ச்சர் டேனியல்ஸ் மிட்லண்ட் என்ற பெரிய கம்பெனி அதை வாங்கிக் கொண்டது. கூட்டுறவால் ஆலை கட்ட முடியும் என்பதும், கட்டிய ஆலையைக் காப்பாற்றக் கணக்கில் கண் வேண்டும் என்பதும் இதிலிருந்து தெரிய வரும் இரண்டு பாடங்கள்.

நம் பக்கம் பார்த்தால், மூலப்பொருளுக்குக் குறைவில்லை. நாம் விளைவிக்கும் மக்காச்சோளத்தில் பெரும்பகுதி கோழித் தீவனத்துக்குப் போகிறது. அண்மை ஆண்டுகளில் நாட்டின் எரிசாராய ஆலைகளும் அதை ஏராளமாக வாங்கத் தொடங்கி விட்டன. மோகனூர், அமராவதி கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளில் எரிசாராய ஆலையையும் சேர்த்தே அமைத்தார்கள். சேலம் பகுதியில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஸ்டார்ச்சும் ஜவ்வரிசியும் செய்கிறார்கள். அங்கே 1981-ல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவு, ஆலை நடத்துவோரின் கூட்டுறவு. கிழங்கு பயிரிடுவோரின் கூட்டுறவு அல்ல என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

கேட்க வேண்டிய கேள்விகள்

நாளை உங்கள் பகுதியில் மக்காச்சோளத்தையோ கிழங்கையோ கரும்பையோ ரசாயனமாக்கும் ஆலை ஒன்று வரலாம். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் கீழ்க்கண்டவற்றைக் கேட்டுத் தெரிந்து கொள்வது நல்லது.

1. விலை எடைக்கா, ஸ்டார்ச் அல்லது சர்க்கரை சத்துக்கா? சத்துக்கு என்றால் சோதனை யார் முன்னிலையில் நடக்கும்? ஈரப்பதத்துக்கு எவ்வளவு கழிப்பார்கள்?

2. தவிடு, புரதப் பிண்ணாக்கு முதலிய தீவனங்கள் விவசாயிகளுக்குக் குறைந்த விலையில் திரும்பக் கிடைக்குமா?

3. கழிவுநீரும் ஜிப்சமும் எங்கே போகும்? கிணறுகளுக்கும் வாய்க்கால்களுக்கும் பாதுகாப்பு என்ன?

4. பயிரிடுவோர் சங்கமாகவோ, உற்பத்தியாளர் கம்பெனியாகவோ சேர்ந்தால் ஆலையில் பங்கு தருவார்களா?

5. மார்க்கெட் விலை இறங்கினால் ஒப்பந்த விலை நிற்குமா?

பயிரிலிருந்து வரும் கரைப்பான் ஆலைத் தொழிலாளிக்கும், மருந்து தெளிப்பவருக்கும், நிலத்தடி நீருக்கும் நல்லது. பயிரிட்டவருக்கும் அது நல்லதாக இருக்க வேண்டுமானால், மூட்டையை எடை போடும்போதே இந்தக் கேள்விகளுக்கும் பதில் கேட்டு வாங்க வேண்டும். தனியாகக் கேட்பவருக்குப் பதில் வருவது அருமை. பத்துப் பேர் சங்கமாகச் சேர்ந்து கேட்டால் வரும்.